அலெக்ஸ் மக்நீலின் ஃபைல்

ஸ்விக்கர்: ...சரி, அதை விடுங்க. இந்த வாடை எங்கேருந்து வருது?

அலெக்ஸ்: எந்த வாடை சார்?

ஸ்விக்கர்: ரிப்போர்ட்டைத் திறந்தா வருது. மூடினா குறையுது. இதோ... திறக்கறேன். வந்துடுச்சு பாருங்க.

அலெக்ஸ்: ஓ, அதுவா? ஹெர்ரிங் மீன் சார். மழை நாள்ல கொஞ்சம் தூக்கலா இருக்கும்.

ஸ்விக்கர்: இருபத்திரண்டு வருஷமா இந்த மேஜையில உக்காந்திருக்கேன் மக்நீல். சின்னச் சின்ன யுனிவர்சிட்டியில ரெண்டு வருஷம் இன்ஜினியரிங் படிச்சிட்டு, மீதியைப் படிக்க இங்க வர்றவங்களோட பாடத்தையெல்லாம் எடை போட்டு எடுக்கறதுதான் என் வேலை. காபிக் கறை பட்ட ரிப்போர்ட் பாத்திருக்கேன். நாய் கடிச்ச ரிப்போர்ட் பாத்திருக்கேன். மீன் வாடை அடிக்கிற ஃப்ளூயிட்ஸ் ரிப்போர்ட் இதுதான் முதல்.

அலெக்ஸ்: முதல் போணி சார். நல்லபடியா முடிச்சுக் குடுங்க.

ஸ்விக்கர்: போணியா? இதென்ன ஹாலிஃபாக்ஸ் துறைமுகமா?

அலெக்ஸ்: பழக்க தோஷம் சார். அம்மாவுக்கு மீன் கடை. அவங்க கிட்ட மீன் வாங்கிட்டு எவனும் சிரிச்சுக்கிட்டே போனதில்ல. ஆனா திரும்பி வராம இருந்தவனும் இல்ல.

ஸ்விக்கர்: அம்மாவுக்கு மீன் கடை... இந்த ஃபைல்ல அப்பா படகு வெச்சிருக்கார்னுல்ல இருக்கு?

அலெக்ஸ்: அது... அப்பா பிடிப்பார், அம்மா விப்பாங்க. எங்க ஊர்ல எல்லா வீட்லயும் அப்படித்தான்.

ஸ்விக்கர்: ம்ம்... நியாயம்தான். சரி, விஷயத்துக்கு வருவோம். மூணாம் வருஷம் மெக்கானிக்கல்ல ஸீட் வேணும்னா, ஃப்ளூயிட்ஸ் லேப், அதான் தண்ணி ஓட்டச் செய்முறை, முப்பத்தாறு மணி நேரம் முடிச்சிருக்கணும். இங்க எழுதியிருக்கறது இருபத்தேழு. ஒன்பது குறையுது.

அலெக்ஸ்: இருபத்தேழும் கெட்டி இருபத்தேழு சார். உங்க ஊர் நாப்பதுக்குச் சமம்.

ஸ்விக்கர்: அதுலயும் செய்முறை நடந்த இடம்னு ஒரு கட்டம் இருக்கு. மத்தவங்க எல்லாரும் 'நீரியல் ஆய்வுக்கூடம்'னு எழுதுவாங்க. இங்க என்ன எழுதியிருக்கு? நீங்களே படிங்க.

அலெக்ஸ்: 'மீன் பதப்படுத்தும் ஆலை, பம்ப் அறை, பின்வாசல் வழியாக.'

ஸ்விக்கர்: 'பின்வாசல் வழியாக.'

அலெக்ஸ்: முன்வாசல் ஞாயித்துக்கிழமை பூட்டியிருக்கும் சார். நேர்மையா எழுதினது தப்பா?

ஸ்விக்கர்: ஏன் மீன் ஆலை? உங்க காலேஜ்ல லேப் இல்லையா?

அலெக்ஸ்: எங்க இன்ஜினியரிங் துறைக்கு மொத்தமே ரெண்டு ரூம் சார். ஒண்ணு வரைபட ரூம். இன்னொண்ணுல கூரை ஒழுகும். தண்ணி ஓட்டம் பாக்கணும்னா அங்கேயே பாத்துக்கலாம்தான், ஆனா அளவெடுக்கற அளவுக்கு ஒழுகாது.

ஸ்விக்கர்: சிரிக்க வைக்காதீங்க. நான் கையெழுத்துப் போடற ஆள்.

அலெக்ஸ்: சரி சார். பீட்டன் மேடம்தான் எங்களுக்கு எல்லாப் பாடமும். அவங்க என்ன பண்ணாங்க... நேரா ஆலைக்காரர் கிட்டப் போனாங்க. "ஞாயித்துக்கிழமை உங்க பம்ப் சும்மாதானே கிடக்கு, என் ஒன்பது பசங்களுக்குக் குடுங்க"ன்னாங்க. அந்தாளு "எனக்கென்ன லாபம்?"னு கேட்டான்.

ஸ்விக்கர்: நல்ல கேள்வி.

அலெக்ஸ்: "உன் பம்ப் ஏன் இவ்வளவு கரண்ட் குடிக்குதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்றோம்"னாங்க. போய்ப் பாத்தா, கடல்லேருந்து தண்ணி எடுக்கற குழாயில தேவையில்லாம ஏழு வளைவு. எவனோ அவங்க மாமன் மச்சான் போட்டது. ஒவ்வொரு வளைவுலயும் எவ்வளவு அழுத்தம் வீணாகுதுன்னு அளந்தோம். நாலு வளைவை எடுத்துட்டோம். இப்ப அந்தாளு தெருவுல எங்களைப் பாத்தா தொப்பியைத் தூக்கறான்.

ஸ்விக்கர்: அது மூணாம் பரிசோதனை. படிச்சேன். கணக்கு சரியாத்தான் இருக்கு.

அலெக்ஸ்: சரியாவா? சார், உங்க பசங்க கண்ணாடிப் பெட்டியில தண்ணி ஓடறதைப் பாப்பாங்க. எங்க தண்ணியில செதில் ஓடும், குடல் ஓடும், ஒருநாள் ஒரு முழு நண்டே ஓடிச்சு. அதோட சேத்து அளந்தோம்.

ஸ்விக்கர்: நண்டோட வேகமும் எழுதியிருக்கே பாத்தேன். 'தானாக நடந்தது, கணக்கில் சேர்க்கவில்லை.'

அலெக்ஸ்: பாத்தீங்களா, எவ்வளவு நாணயம்!

ஸ்விக்கர்: நாணயம் இருக்கு. கருவி எங்கே? ஓட்டம் அளக்கற மீட்டர் எங்கே? இங்க 'வாளி, கைக்கடிகாரம்'னு போட்டிருக்கு.

அலெக்ஸ்: வாளி பொய் சொல்லாது சார். மீட்டர்தான் சொல்லும்.

ஸ்விக்கர்: ...பதினெட்டு தர்றேன்.

அலெக்ஸ்: என்னது?

ஸ்விக்கர்: இருபத்தேழுல பதினெட்டு மணி நேரத்தை ஏத்துக்கறேன். வாளிப் பரிசோதனையெல்லாம் கழிச்சுட்டு.

அலெக்ஸ்: சார்! முப்பத்தாறு கேட்டு வந்தவளுக்குப் பதினெட்டா? கடையைச் சாத்தற நேரத்துல கூட எங்கம்மா பாதி விலைக்கு இறங்கினதில்ல.

ஸ்விக்கர்: எங்கப்பா லூனன்பர்க் துறைமுகத்துல படகுக்காரங்களுக்குக் கயிறும் தாரும் வித்தவர் மக்நீல். முதல் விலையிலேயே கண்ணுல தண்ணி வந்தா, மடியில கனம் இருக்குன்னு சொல்லுவார்.

அலெக்ஸ்: அப்ப உங்களுக்கும் தெரியும், யாரும் முதல் விலைக்கு முடிக்க மாட்டாங்கன்னு.

க்வென்: சார், உள்ள வரலாமா? வெளியில இன்னும் மூணு பேர் இருக்காங்க. நாலு மணிக்குப் பட்டியலை மேல அனுப்பணும், ஞாபகம் இருக்கில்ல?

ஸ்விக்கர்: மணி என்ன?

க்வென்: மூணேகால். இவங்க கார்டைப் பதிவு பண்ணவே இல்ல. குடும்மா... அலெக்ஸ் மக்நீல். அட, இன்னொரு—

ஸ்விக்கர்: இன்னொரு கப் டீ. ஆமா க்வென், ரொம்ப நன்றி. இவங்களுக்கும் சேத்து.

க்வென்: ...டீ. சரி சார். டீதான்.

அலெக்ஸ்: நாலு மணிக்குள்ள முடியலேன்னா என்ன ஆகும் சார்?

ஸ்விக்கர்: கடிதத்துல எழுதியிருக்கோமே. மறுபடி ரெண்டாம் வருஷம். ஃப்ளூயிட்ஸ் இங்க குளிர்காலத்துல மட்டும்தான். ஆக முழுசா ஒரு வருஷம்.

அலெக்ஸ்: ஒரு வருஷம் கிடையாது சார். அடுத்த வருஷம் வர்றதுக்கு ஆளே இருக்க மாட்டான்.

ஸ்விக்கர்: இருக்க மாட்டான்...?

அலெக்ஸ்: மாட்டேன். இருக்க மாட்டேன்னு சொன்னேன். அப்பாவோட பேச்சு அப்படி. நாலு வருஷம் படிப்புக்கு, அஞ்சாவது வருஷம் படகுக்கு. ஒரு வருஷம் வீணாச்சுன்னா படகுதான். படகு மோசமில்ல. ஆனா படகுல ஏறினவங்க அப்புறம் எங்க இறங்கறாங்க?

ஸ்விக்கர்: ம்ம்... ஒரு சந்தேகம். கேக்கலாமா?

அலெக்ஸ்: கேளுங்க.

ஸ்விக்கர்: பட்டறைக்குப் பாதுகாப்பு பூட்ஸ் குடுக்கறதுக்காக அளவு கேட்டிருந்தோம். இந்த ஃபைல்ல பதிமூணுன்னு இருக்கு.

அலெக்ஸ்: ...ஆமா.

ஸ்விக்கர்: பதிமூணு.

அலெக்ஸ்: தடிமனா காலுறை போடுவேன் சார். எங்க ஊர்ல குளிர் ஜாஸ்தி.

ஸ்விக்கர்: எத்தனை காலுறை? ஆறா?

அலெக்ஸ்: சார், நாம கால் அளவு பேசவா வந்தோம்? முப்பத்தாறு மணி நேரம் பேச வந்தோம்.

ஸ்விக்கர்: சரி சரி. முழுப் பூசணிக்காய் சோத்துக்குள்ளேயே இருக்கட்டும். உங்க காலேஜைப் பத்திச் சொல்லுங்க. ஒன்பது பேர்னீங்க.

அலெக்ஸ்: ஒன்பதே ஒன்பது. இங்க வர்றப்ப உங்க பெரிய வகுப்பறையை எட்டிப் பாத்தேன் சார். முந்நூறு நாற்காலி. அதுல ஒருத்தர் தும்மினா யாருக்குத் தெரியும்? எங்க வகுப்புல எட்டுப் பேர் இருந்தா பாடம் ஆரம்பிக்காது. பீட்டன் மேடம் சாக்பீஸைக் கீழ வெச்சிட்டு, ஜன்னல் வழியா ரோட்டைப் பாப்பாங்க. ஒன்பதாவது ஆள் வர்ற வரைக்கும்.

ஸ்விக்கர்: வரலேன்னா?

அலெக்ஸ்: வீட்டுக்கு போன் போகும். வீட்டுல எடுக்கலேன்னா பெட்ரோல் பங்குக்குப் போகும். பங்குக்காரன் "அவ இப்பதான் பாலத்தைத் தாண்டிப் போனா"ம்பான். வகுப்பைக் கட் அடிச்சிட்டு எங்க ஊர்ல ஒரு டீ கூட குடிக்க முடியாது சார். கடைக்காரன் டீயைக் கையில வெச்சிக்கிட்டே "இன்னிக்கு கால்குலஸ் இல்ல?"ன்னு கேப்பான்.

ஸ்விக்கர்: நரகமாச்சே!

அலெக்ஸ்: அப்படித்தான் நினைச்சோம். இப்ப நினைச்சா... முந்நூறு நாற்காலி இருக்கற இடத்துல நான் முதல் வருஷம் உக்காந்திருந்தா, முதல் பரீட்சையோட வெளியில போயிருப்பேன். ஸ்டாட்டிக்ஸ்ல நூத்துக்குப் பதினொண்ணு சார் நான்.

ஸ்விக்கர்: பதினொண்ணா? இந்த ஃபைல்ல தொண்ணூத்தி ஆறுன்னு இருக்கு.

அலெக்ஸ்: ...அது... கடைசிப் பரீட்சை.

ஸ்விக்கர்: முதல் பரீட்சையும் தொண்ணூறுக்கு மேலதான் இருக்கு.

அலெக்ஸ்: பதினொண்ணுன்னா... பதினொண்ணு தப்புன்னு சொல்ல வந்தேன்.

ஸ்விக்கர்: கழுவுற மீன்ல நழுவுற மீன்னு கேள்விப்பட்டிருக்கேன். இன்னிக்குத்தான் எதிர்ல உக்காத்தி வெச்சுப் பாக்கறேன். அந்த ஒன்பது பேர்ல மக்நீல்கள் எத்தனை?

அலெக்ஸ்: அஞ்சு.

ஸ்விக்கர்: அதுல அலெக்ஸ்?

அலெக்ஸ்: ...அது எதுக்கு சார் இப்ப? இருபத்தேழையாவது முழுசா எடுத்துக்கறீங்களா, இல்லையா?

ஸ்விக்கர்: இருபத்தஞ்சு.

அலெக்ஸ்: இருபத்தேழு! ஒரு மணி நேரம் கூடக் குறையாது. வாளிப் பரிசோதனைதான் சார் அதுல உயிர். மீட்டர் வாங்க வழியில்லேன்னு, ஒட்டுப்பலகையை அறுத்து, அதுல முக்கோணமா வெட்டி, பம்ப் அறை வாய்க்கால்ல அணை மாதிரி நிறுத்தி, அதுக்கு மேல தண்ணி எவ்வளவு உயரம் போகுதுன்னு பாத்து...

ஸ்விக்கர்: வெட்டுப் பலகை அணை. தெரியும். அது ரிப்போர்ட்ல ஒரே வரிதான். 'பலகை தயாராக இருந்தது.'

அலெக்ஸ்: 'தயாராக இருந்தது'ன்னா எழுதியிருக்கு? ஐயோ, இந்தக் கடன்காரன்... தானா முளைச்சுதா அது? மூணு ஞாயித்துக்கிழமை சார்! ஒவ்வொரு ஞாயிறும் மூணு மணி நேரம். முதல் பலகை ஊறி வளைஞ்சிடுச்சு. ரெண்டாவதுல ஓரம் மழுங்கல், தண்ணி ஒட்டிக்கிட்டே வழிஞ்சுது. மூணாவதுக்குத் தகரத்துல விளிம்பு கட்டி, நூறு வாளி பிடிச்சு, ஒவ்வொரு உயரத்துக்கும் எத்தனை நொடியில வாளி நிரம்புதுன்னு அட்டவணை போட்டு... கை நீலமாயிடும், கடல் தண்ணி அவ்வளவு சில்லுனு இருக்கும். கருவி கருவின்னு கேட்டீங்களே, கருவியையே செஞ்சிருக்கான்... செஞ்சிருக்கேன்!

ஸ்விக்கர்: மூணு ஞாயிறு. மூணு மணி நேரம்.

அலெக்ஸ்: ஒன்பது! சார், ஒன்பது! இருபத்தேழும் ஒன்பதும் முப்பத்தாறு!

ஸ்விக்கர்: கணக்கு எனக்கும் வரும். கருவி செஞ்சு, அதைச் சரிபாக்கறதும் லேப் நேரம்தான். விதியில இருக்கு. பதினாலாம் பக்கம்.

அலெக்ஸ்: அப்ப முடிஞ்சுது! பேனாவை எடுங்க சார்.

ஸ்விக்கர்: பேனா கையிலதான் இருக்கு. ஆனா ரிப்போர்ட்ல எழுதாத மணி நேரத்துக்கு ஒரு சாட்சி வேணும். அதே பக்கத்துல, அடுத்த வரி.

அலெக்ஸ்: பீட்டன் மேடத்துக்கு போன் போடுங்க.

ஸ்விக்கர்: அவங்க அந்த மூணு ஞாயிறும் பம்ப் அறையில இருந்தாங்களா?

அலெக்ஸ்: ...இல்ல. சாவியை எங்க கிட்டக் குடுத்துட்டு மாதா கோயிலுக்குப் போயிடுவாங்க. சாவி எப்பவும் எங்க கிட்டத்தான் இருக்கும்.

ஸ்விக்கர்: அப்ப வேற யார் கூட இருந்தது? கூடப் படிச்ச மாணவரா இருந்தாலும் போதும். கண்ணால பாத்தேன்னு எழுதி, கீழ கையெழுத்து. ஆனா அந்த ஆள் வேற ஆளா இருக்கணும். ஃபைலுக்கு உரியவரே தனக்குச் சாட்சி சொல்லிக்க முடியாது. மக்நீல்... அந்தப் பம்ப் அறையில வேற யார் இருந்தாங்க?

க்வென்: டீ. சார், மூணு முப்பத்தெட்டு.

ஸ்விக்கர்: வெச்சிட்டுப் போங்க க்வென்.

க்வென்: ஏன் இந்தப் பொண்ணு முகம் இப்படி ஆயிடுச்சு?

ஸ்விக்கர்: யோசிக்கறாங்க. கதவைச் சாத்திடுங்க.

அலெக்ஸ்: சார்... வேற ஆள்தான் வேணுமா?

ஸ்விக்கர்: வேற ஆள்தான்.

அலெக்ஸ்: அந்த வேற ஆள், கொஞ்சம்... தப்பு பண்ணின ஆளா இருந்தா?

ஸ்விக்கர்: என்ன தப்பு?

அலெக்ஸ்: அடுத்தவங்க ஃபைலைத் தன்னுதுன்னு சொல்லி, முக்கால் மணி நேரம் பேரம் பேசின தப்பு.

ஸ்விக்கர்: அது பெரிய தப்பாச்சே. இங்க அடுத்தவர் ஃபைலைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. பெத்த தாய் வந்து நின்னாலும் சொல்ல மாட்டோம். சட்டம்.

அலெக்ஸ்: தெரியும். போன் பண்ணிக் கேட்டப்ப அப்படித்தான் சொன்னாங்க. அதனாலதான்... சார், கார்டு பொய்யில்ல. என் பேரும் அலெக்ஸ் மக்நீல்தான்.

ஸ்விக்கர்: உம்.

அலெக்ஸ்: எங்க பக்கம் வந்து பாருங்க. கேப் பிரெட்டன்ல கல்லை விட்டெறிஞ்சா ஒரு மக்நீல் மேலதான் விழும். அழுதுக்கிட்டு ஓடி வர்றவன் பேரு பெரும்பாலும் அலெக்ஸா இருக்கும். அதனால பேரைச் சொல்லி யாரும் கூப்பிடறதில்ல. நான் மீன்கடை அலெக்ஸ். அவன் அப்பன் பேரும் தாத்தன் பேரும் சேத்து ரோரி டான் அலெக்ஸ். காலேஜ்லயும் அப்படித்தான். பீட்டன் மேடம் விடைத்தாள்ல கூட 'மீன்கடை, பதினொண்ணு'ன்னுதான் போட்டாங்க.

ஸ்விக்கர்: அப்ப இந்த பூட்ஸ்...

அலெக்ஸ்: அவனோடது. தொண்ணூத்தாறும் அவனோடது. படகும் அவங்க அப்பாவோடது. என்னோடது வாய் மட்டும்தான்.

ஸ்விக்கர்: அவன் ஏன் வரல?

அலெக்ஸ்: வாய் உள்ள பிள்ளைதானே சார் பிழைக்கும்? அவனுக்கு அதுதான் இல்ல. நீங்க "ஒன்பது மணி நேரம் குறையுது, விளக்கம் இருந்தா நேர்ல வரவும்"னு கடிதம் போட்டீங்க. படிச்சான். மடிச்சு சட்டைப்பையில வெச்சான். "சரி"ன்னான். எனக்கு அந்த 'சரி' தெரியும். படகுக்குப் போறேன்னு அர்த்தம். இப்ப கானாங்கெளுத்தி பிடிச்சுக்கிட்டிருப்பான். இங்க வந்திருந்தா மட்டும் என்ன? நீங்க "இல்ல"ன்னா, "ரொம்ப நன்றி சார்"னு சொல்லிட்டு நாற்காலியைச் சரியா நகர்த்தி வெச்சிட்டுப் போயிருப்பான்.

ஸ்விக்கர்: நீங்க இங்க வந்தது அவனுக்குத் தெரியுமா?

அலெக்ஸ்: தெரிஞ்சா செத்துடுவான். அம்மாவோட மீன் வேனை எடுத்துக்கிட்டு, விடிகாலையில கிளம்பி, நாலு மணி நேரம் ஓட்டிட்டு வந்தேன். உண்மையைச் சொன்னா சார், அந்த வாடையில பாதி ரிப்போர்ட்டோடது இல்ல. என்னோடது.

ஸ்விக்கர்: அதை நான் கௌரவமா கேக்காம விட்டேன். ஏம்மா இவ்வளவு பாடு? அவன் உனக்கு... என்ன?

அலெக்ஸ்: நீங்க நினைக்கற மாதிரி ஒண்ணும் இல்ல.

ஸ்விக்கர்: நான் ஒண்ணும் நினைக்கலையே.

அலெக்ஸ்: பதினொண்ணு வாங்கின அன்னிக்கு, வரைபட ரூம்ல உக்காந்து பையைக் கட்டிக்கிட்டிருந்தேன். வீட்டுக்குப் போயிடலாம்னு. அவன் வந்தான். என் விடைத்தாளை எடுத்துப் பாத்தான். "விசையை வரையாம கணக்கு போடற. முதல்ல வரை"ன்னான். அவ்வளவுதான் பேச்சு. அன்னிலேருந்து தினமும் சாயங்காலம் என் மேஜைக்கு எதிர்ல வந்து உக்காருவான். நான் தப்பா வரைஞ்சா இருமுவான்.

ஸ்விக்கர்: இருமுவானா?

அலெக்ஸ்: சரியா வரைஞ்சா இரும மாட்டான். ரெண்டு வருஷம் அந்த இருமலைக் கேட்டே பாஸ் ஆனேன். போன குளிர்காலத்துல அம்மா ஐஸ்ல வழுக்கி இடுப்பெலும்பு உடைஞ்சு படுத்தாங்க. கடையை யார் பாக்கறது? மூணு வாரம் நான்தான். ஒன்பதாவது ஆள் வரல, வகுப்பு ஆரம்பிக்கல. முதல் நாள் பீட்டன் மேடம் அரை மணி நேரம் ரோட்டையே பாத்தாங்களாம். அப்ப இவன் எழுந்து, "பாடத்தை நான் கொண்டு போய்க் குடுத்துடறேன், ஆரம்பிங்க"ன்னானாம். வகுப்பே திரும்பிப் பாத்துதாம், இவன் பேசறானேன்னு.

ஸ்விக்கர்: கொண்டு வந்தானா?

அலெக்ஸ்: தினமும். டைனமிக்ஸ் நோட்டை அழகா நகல் எடுத்து, மெழுகுத்தாள்ல சுத்தி, தராசுத் தட்டுக்குக் கீழ வெச்சிட்டுப் போயிடுவான். நான் "நில்லுடா, ஒரு கணக்கு புரியல"ம்பேன். ஒரு காட் மீனை எடுத்து, அதை வெச்சே சுழற்சியை விளக்கிட்டு, மீனைத் தட்டுல வெச்சிட்டுப் போவான். வாங்க வந்த பொம்பளைங்க எல்லாம் வேடிக்கை பாப்பாங்க. அப்படிப்பட்டவன் சார். இந்த ரிப்போர்ட்ல 'பலகை தயாராக இருந்தது'ன்னு எழுதற அளவுக்கு மடையன். ஒன்பது மணி நேரம் கை நீலமாகச் செஞ்சதை நாலு வார்த்தையில முடிச்சவன்.

ஸ்விக்கர்: மூணு வார்த்தை.

அலெக்ஸ்: பாருங்க!

ஸ்விக்கர்: நீ அந்த மூணு ஞாயிறும் இருந்தியா?

அலெக்ஸ்: நூறு வாளியையும் தூக்கினது யாருன்னு நினைச்சீங்க? அவன் கடிகாரம் பாப்பான், நான் வாளி பிடிப்பேன். எழுதித் தர்றேன். எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன். ஆள் மாறாட்டம்னு என் மேல என்ன வேணும்னாலும் எழுதிக்கங்க. ஆனா அதை அவன் தலையில ஏத்தாதீங்க.

ஸ்விக்கர்: உன் மேல எழுதினா உன் ஸீட் என்ன ஆகும்னு தெரியுமா?

அலெக்ஸ்: தெரியும்.

ஸ்விக்கர்: உன் ஸீட் கையில இருக்கில்ல?

அலெக்ஸ்: இருக்கு. சிவில். முதல்ல எனக்கும் 'பரிசீலனையில் உள்ளது'ன்னுதான் கடிதம் வந்தது. போன வியாழக்கிழமை 'சேர்த்துக்கொண்டோம்'னு வந்துடுச்சு. என் ஃபைல்ல ஒரு குறையும் இல்ல சார். வாளி தூக்கின நேரத்தையெல்லாம் நான் ஒண்ணு விடாம எழுதியிருக்கேன், நான் வியாபாரி மக. வேணும்னா ஒண்ணு பண்ணுங்க... என்னுதுலேருந்து ஒன்பதைக் கழிச்சு அவன் ஃபைல்ல போடுங்க. நான் திரும்பப் படிச்சுக்கறேன். எனக்குப் படகு இல்ல, யாரும் இழுத்துக்கிட்டுப் போக மாட்டாங்க. இதான் என் கடைசி விலை.

ஸ்விக்கர்: கடைசி விலையா?

அலெக்ஸ்: கடைசி. இதுக்கு மேல என் கிட்ட ஒண்ணும் இல்ல.

ஸ்விக்கர்: க்வென்! க்வென், அந்தச் சாட்சிப் படிவத்தையும் முத்திரையையும் எடுத்துட்டு வாங்க. மணி என்ன?

க்வென்: மூணு ஐம்பத்தொண்ணு. இதோ, முத்திரை. இது படிவம். எழுதும்மா. இங்க பேரு... அலெக்ஸ் மக்நீல். மேல ஃபைலுக்கு உரியவர் பேரு... அலெக்ஸ் மக்நீல். கடவுளே, இதை மேல யாருக்குப் புரிய வைக்கறது?

ஸ்விக்கர்: மாணவர் எண் வேற வேற. அது போதும். எழுதிட்டியாம்மா?

அலெக்ஸ்: எழுதிட்டேன். அவசரத்துல எழுத்து கொஞ்சம்...

ஸ்விக்கர்: படிக்க முடியுது. முப்பத்தாறு. மெக்கானிக்கல், மூணாம் வருஷம். இந்தா, முத்திரை. க்வென், ஓடுங்க.

க்வென்: ஓடற வயசா சார் இது? நடக்கறேன். நாலு மணிக்குள்ள போய்ச் சேந்துடும்.

அலெக்ஸ்: சார்... முப்பத்தாறா? முழுசா?

ஸ்விக்கர்: முழுசா.

அலெக்ஸ்: என் ஒன்பது?

ஸ்விக்கர்: உன் கிட்டவே இருக்கட்டும்.

அலெக்ஸ்: ஆள் மாறாட்டம்?

ஸ்விக்கர்: யார் மாறினது? அலெக்ஸ் மக்நீல் வந்தாங்க, அலெக்ஸ் மக்நீல் ஃபைலைப் பத்திப் பேசினாங்க. என் குறிப்பேட்டுல அப்படித்தான் எழுதப் போறேன்.

அலெக்ஸ்: சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு... ஆனா ஒண்ணு. நான் கடையில வளந்தவ. கடைசி விலையைச் சொன்ன பிறகு எவனும் அதைவிட ஒசத்திக் குடுத்து நான் பாத்ததில்ல. பூட்ஸ்லயே நான் மாட்டிக்கிட்டேன்னு உங்களுக்குத் தெரியும். அப்பவே துரத்தியிருக்கலாம். ஏன் துரத்தல?

ஸ்விக்கர்: டீயைக் குடி. சொல்றேன். போன புதன்கிழமை இதே நாற்காலியில ஆறடிக்கு மேல ஒரு ஆள் வந்து உக்காந்தான். தாடி. கார்டை எடுத்து வெச்சான், அலெக்ஸ் மக்நீல். ஒரு சிவில் ஃபைலோட எண்ணைச் சொன்னான். அதுல டைனமிக்ஸ் வருகைப் பதிவுல மூணு வாரம் வெள்ளையா கிடந்ததால, 'சேர்க்க இயலாது'ன்னு எழுதி வெச்சிருந்தேன். "எங்கம்மாவுக்கு இடுப்பு உடைஞ்சுது, நான் மீன் வித்தேன், ஆனா ஒரு பாடத்தையும் விடல"ன்னான். காது வரைக்கும் சிவந்துட்டான். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசலம்மா, சாயங்காலம் வரைக்கும் எதிர்லயே உக்காந்திருந்தான்... நான் அந்த 'இயலாது'வைக் கோடு போட்டு அடிக்கற வரைக்கும். நடுவுல ரெண்டு தடவை இருமினான்.